கால் பதியும் கால் நொடி

சிரம்பானிலிருந்து கோலா பிலா போகும் பழைய சாலையில் உலு பெண்டுல் என்றோர் இடம் வரும். 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலைக்குப் பலரும் அங்கிருந்துதான் ஏறத் தொடங்குவார்கள். வார இறுதியில் அங்கே வரும் மலையோட்டக்காரர்களின் கால்களைக் கவனியுங்கள். பெரும்பாலானவர்கள் கால்களில் தடித்த நுரை வைத்த, பளபளவென்ற ஓட்டச் சப்பாத்து இருக்கும். அவர்களுக்கு நடுவே சிலர் கறுப்பு ரப்பர் சப்பாத்தோடு வந்து நிற்பார்கள். மலேசியாவில் அதற்கு 'அடிடாஸ் கம்போங்' என்று பெயர். ஜெர்மானிய நிறுவனத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களும் வயல்வேலை செய்கிறவர்களும் காலங்காலமாகப் போட்டுவரும் சப்பாத்து அது. சபாவில் கினபாலு மலையில் நடந்த ஓட்டப் பந்தயங்களில் உள்ளூர் வீரர்கள் இதைப் போட்டுக்கொண்டே வெளிநாட்டாரோடு போட்டியிட்டிருக்கிறார்கள்.

ஒரே அச்சில் வார்த்த ரப்பர். தையல் கிடையாது, பசை கிடையாது, பிரிந்து வர ஒட்டுப்பகுதியே கிடையாது. அடியில் சேற்றைப் பற்றிக்கொள்ளும் குமிழ்கள். நீரைக் குடிக்காது, கழுவிக் கவிழ்த்து வைத்தால் தீர்ந்தது. விலை ஏதோ பத்துப் பதினைந்து ரிங்கிட். உழைப்பில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் தார்ச்சாலையில் அதைப் போட்டுப் பத்து கிலோமீட்டர் ஓடிப் பார்த்தால் குதிகால் உண்மையைச் சொல்லிவிடும். பக்கத்தில் நிற்பவரின் நுரைச் சப்பாத்தோ கால் வைத்த இடமெல்லாம் மெத்தென்று தாங்குகிறது. ஓராண்டு போவதற்குள் அந்த மெத்தென்ற தன்மை காணாமல் போகிறது. சுகமும் உழைப்பும் ஒரே சப்பாத்தில் சேர ஏன் இப்படி மறுக்கின்றன? விடை தேடினால் அது ரப்பர் மூலக்கூறில் தொடங்கி முழங்கால் வரை நீள்கிறது.

முதலில் காலடியைப் பார்ப்போம். சாதாரண வேகத்தில், கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்ற கணக்கில் ஓடுகிறவர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி வைக்கிறார். அதாவது ஒவ்வொரு காலுக்கும் 500 தடவை. சிரம்பானில் ஓர் அரை மராத்தான் ஓடி முடிப்பதற்குள் ஒவ்வொரு காலும் பத்தாயிரம் தடவைக்கு மேல் தரையில் விழுந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கால் தரையோடு இருப்பது சுமார் கால் நொடிதான். அந்தக் கால் நொடிக்குள் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை வந்து இறங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டரை மடங்கு என்றால் 175 கிலோ. மூன்றரை மூட்டை சிமென்ட். அது ஒற்றைக் காலில் இறங்கி, உடனே விலகி, மறு காலுக்குப் போகிறது.

இவ்வளவையும் தாங்க உடம்புக்குச் சப்பாத்து கட்டாயம் இல்லை. கால் தனக்கென்று வில்களை வைத்திருக்கிறது. 1987இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். 70 கிலோ எடையுள்ளவர் நல்ல வேகத்தில் ஓடும்போது ஓர் அடிக்குக் கைமாறும் ஆற்றல் சுமார் 100 ஜூல். குதிகாலுக்கு மேலே கெண்டைச் சதையை எலும்போடு கட்டும் தசைநாண் அதில் 35 ஜூலை வாங்கி வைத்துக்கொள்கிறது. பாதத்தின் வளைவு இன்னொரு 17 ஜூலை வாங்குகிறது. வாங்கியதில் பெரும்பகுதியை இரண்டும் அடுத்த கணமே திருப்பியும் தருகின்றன. பாதி வேலையை உடம்பே முடித்துவிட்டது. சப்பாத்துக்குக் கிடைப்பது மிச்சம்தான். அந்த மிச்சத்தை வைத்துத்தான் இத்தனை நிறுவனங்களும் இத்தனை ஆய்வுக்கூடங்களும் மல்லுக்கட்டுகின்றன.

நெகிரி செம்பிலானுக்கு இந்தக் கதையில் பங்கு உண்டு. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 பால்மர விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தோட்டத்தில் முளைத்தவற்றில் சில 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் ரந்தாவ், லாபு, பாஹாவ், போர்ட்டிக்சன் என்று இந்த மாநிலம் முழுக்கக் கித்தாத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி வந்து கோடு வெட்டி, மங்கு மங்காகப் பால் சேர்த்தார்கள். உலகம் ரப்பர் அடிவைத்த சப்பாத்து மாட்டிக்கொண்டு டென்னிஸ் ஆடிய அதே ஆண்டுகளில், அந்த ரப்பரைக் கறந்தவர்களில் பலர் வெறுங்காலோடுதான் தீம்பாருக்குள் போனார்கள். ஈரமண்ணில் இருந்த கொக்கிப்புழு பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் ஏறி, இரத்தத்தை உறிஞ்சி அவர்களைச் சோகை நோயாளிகளாக்கியது. மலாயாத் தோட்ட மருத்துவர்கள் அந்நோயோடு பல்லாண்டுகள் போராடினார்கள். கறுப்பு ரப்பர் சப்பாத்தை மலிவுப் பொருள் என்று யாராவது தள்ளிவைத்தால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. மண்ணுக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பது ஓர் உயிர்ப் பாதுகாப்பு.

மங்கில் சேர்ந்த பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றது பெரும்பாலும் தண்ணீர். அந்த ரப்பர், ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சிறு அலகை ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. சாதாரண நிலையில் அந்தச் சங்கிலி சுருண்டும் மடிந்தும், வெப்பத்தால் ஓயாமல் துடித்துக்கொண்டும் இருக்கிறது. இழுத்தால் நேராகிறது, விட்டால் மீண்டும் சுருளுகிறது. நேராக நிற்க ஒரே வழிதான் உண்டு. சுருண்டிருக்கக் கோடி வழிகள். அணுக்களின் துடிப்பு சங்கிலியைக் கோடி வழிகளில் ஒன்றுக்குத் தள்ளிவிடுகிறது. ரப்பரின் மீள்தன்மைக்குக் காரணம் இவ்வளவுதான். எஃகு வில் மீள்வதற்குக் காரணம் வேறு. அங்கே அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் இழுபட்டுத் திரும்புகின்றன.

இதை நீங்களே சோதிக்கலாம். தடித்த ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள்: இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே சிறிது நேரம் ஆறவிட்டு, தளர்த்தி உடனே உதட்டில் வையுங்கள்: குளிரும். இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் காஃப் இதை 1805இல் எழுதிவைத்தார். அவருக்குக் கண்பார்வை இல்லை. இந்த இயற்கை விதியை அவர் கண்டுகொண்டது உதட்டாலும் விரலாலும்தான்.

பால்மர ரப்பரிடம் இன்னொரு வித்தை உண்டு. அளவுக்கு மீறி இழுபடும்போது அதன் சங்கிலிகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசை பிடித்துப் படிகமாகின்றன. இதற்கு இழுவிசைப் படிகமாதல் என்று பெயர். சப்பாத்தில் முள் குத்தி ஒரு கீறல் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். கீறலின் முனையில்தான் இழுவை மிக அதிகம். ஆகவே சரியாக அந்த முனையில்தான் ரப்பர் படிகமாகி இறுகி, கீறல் மேலும் ஓடாமல் தடுத்து நிற்கிறது. எங்கே ஆபத்தோ அங்கே மட்டும், அந்தக் கணத்தில் மட்டும் பிறக்கும் கவசம். விசை விலகியதும் அது கரைந்துவிடும். மரம் கட்டும் சங்கிலி பிசகின்றி ஒரே ஒழுங்கில் இருப்பதால்தான் இது நடக்கிறது. டயர்களில் பரவலாகப் பயன்படும் செயற்கை ரப்பருக்கு இந்த ஆற்றல் இல்லை. விமானச் சக்கரங்களுக்கு இன்றும் இயற்கை ரப்பர் தேவைப்படுவதற்கும், பத்து ரிங்கிட் சப்பாத்து செம்பனைக் காட்டு முள்ளைத் தாங்குவதற்கும் காரணம் ஒன்றே.

அப்படியானால் சப்பாத்து முழுவதையும் ரப்பராலேயே செய்துவிட வேண்டியதுதானே? எடை விடாது. ஒவ்வொரு சப்பாத்திலும் 100 கிராம் கூடினால் ஓடுகிறவர் செலவிடும் ஆற்றல் சுமார் ஒரு சதவீதம் ஏறுகிறது. குதிகாலுக்கு அடியில் மூன்று நான்கு சென்டிமீட்டர் கெட்டி ரப்பரை வைத்துக்கொண்டு யாராலும் ஓட முடியாது. தடிமன் வேண்டும், எடை வேண்டாம் என்றால் உள்ளே காற்றை அடைக்க வேண்டும். ரப்பரில் அதைச் செய்து காட்டியவர் டன்லப் நிறுவனத்தின் வேதியியலாளர் மர்ஃபி. 1929இல் பர்மிங்காமில் அவர் ரப்பர் பாலைச் சமையலறையில் மாவு அடிக்கும் கருவியால் நுரைக்க அடித்து, நுரை அடங்குமுன் இறுகவைத்தார். மெத்தைகளிலும் இருக்கைகளிலும் வந்த ரப்பர் நுரை அப்படித்தான் பிறந்தது. டன்லப்புக்கு அப்போது மலாயாவில் சொந்தத் தோட்டங்கள் இருந்தன.

ஓட்டச் சப்பாத்துக்குள் நுரை வருவதற்கு வேறொரு பொருள் தேவைப்பட்டது: எத்திலீன் வினைல் அசிட்டேட், சுருக்கமாக ஈ.வி.ஏ. 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் புரூக்ஸ் நிறுவனம் அதை நடுத்தளத்துக்குக் கொண்டுவந்தது. மேல்துணிக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் இடையே இருக்கும் நுரைத் தட்டுதான் நடுத்தளம். ஈ.வி.ஏ.வோடு சூட்டில் சிதைந்து வாயுவை வெளிவிடும் ஒரு பொடியைக் கலந்து அச்சில் அழுத்திச் சுடுகிறார்கள். அச்சைத் திறந்த கணத்தில் அடைபட்ட வாயு விரிந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத லட்சக்கணக்கான மூடிய அறைகளை உண்டாக்குகிறது. முடிவில் அந்தத் தட்டில் ஐந்தில் நான்கு பங்கு வாயுதான். நாம் ஓடும்போது மிதிப்பது பெரும்பாலும் காற்றை. மிச்சம் அந்தக் காற்றைப் பிடித்துவைக்கும் சவ்வுச் சுவர்கள். வீட்டில் போடும் இலேசான சிலிப்பர்கள் பலவும் இதே பொருள்தான்.

நுரை வாங்கிய ஆற்றல் முழுவதும் திரும்பி வராது. ஒரு பகுதி சுவர்களின் உராய்வில் வெப்பமாகிவிடும். 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு மூன்று பந்தயச் சப்பாத்துகளை இயந்திரத்தில் அழுத்திப் பார்த்தது. ஈ.வி.ஏ. வைத்தது 65.5 சதவீத ஆற்றலைத் திருப்பித் தந்தது. நெகிழிக் குருணைகளை உப்பவைத்து ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த நுரை 75.9 சதவீதம் தந்தது. பீபா என்ற புதிய நுரை 87 சதவீதம் தந்தது. அழுத்தும்போது மற்ற இரண்டையும் விட இரு மடங்கு ஆழம் அமுங்கியும் கொடுத்தது. உள்ளே கார்பன் இழைத் தகடும் வைத்த அந்தச் சப்பாத்தோடு ஓடியவர்களுக்குச் சராசரியாக 4 சதவீத ஆற்றல் மிச்சமானது. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் கென்யாவின் எலியுட் கிப்சோகே மராத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் கடந்தது இந்த வழியில் வந்த சப்பாத்தோடுதான். சாலைப் பந்தயச் சப்பாத்தின் அடித்தளம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று உலகத் தடகளச் சங்கம் வரம்பு போட வேண்டியதாயிற்று. பீபா குடும்பத்தில் ஒரு வகைக்கு மூலப்பொருளே ஆமணக்கு எண்ணெய் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. கித்தா மரம் இழந்த இடத்தில் இன்னொரு செடி நுழைந்திருக்கிறது.

ஆனால் கித்தா முழுதாக வெளியேறிவிடவில்லை. சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தால் பல சப்பாத்துகளில் இன்றும் தரையைத் தொடுவது ரப்பர்தான். அங்கே தேவை நேர் எதிரானது. நடுத்தளம் ஆற்றலைச் சிந்தாமல் திருப்பித் தர வேண்டும். வெளித்தளமோ கொஞ்சம் சிந்தத்தான் வேண்டும். ஈரச் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் அமுங்கி விரியும்போது அந்த ஆற்றல் இழப்பே பிடிமானமாக மாறுகிறது. எதையும் இழக்காத ரப்பர் மழை பெய்த தார்ச்சாலையில் வழுக்கிவிடும். ஆக, ஒரே சப்பாத்தில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு சேமிப்பாளியும் ஒரு செலவாளியும் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

இனி உழைப்பு. ஓடுகிறவர்களிடம் பேசினால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: மேலே பார்த்தால் புதிதாக இருக்கிறது, அடியும் தேயவில்லை, ஆனால் கால் மட்டும் வலிக்கத் தொடங்கிவிட்டது, சப்பாத்து 'செத்துப்போச்சு'. அது கற்பனை இல்லை. அமெரிக்காவில் 1985இல் வெளியான ஆய்வு ஒன்று, ஓட்டத்தைப் போலி செய்யும் இயந்திரத்தில் சப்பாத்துகளை அடித்துப் பார்த்தது. முதல் 80 கிலோமீட்டரிலேயே அதிர்வைத் தாங்கும் திறனில் கால்வாசி போய்விட்டது. 400 முதல் 800 கிலோமீட்டருக்குள் எஞ்சியது 60 சதவீதத்துக்கும் கீழே. ஆட்கள் போட்டு ஓடியபோது நிலைமை சற்று மேல்: 800 கிலோமீட்டரில் ஏறத்தாழ 70 சதவீதம் மிஞ்சியது. இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே நுரைக்குக் கிடைக்கும் ஓய்வு இயந்திரத்தில் கிடைப்பதில்லை.

உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்த்தவர்களும் உண்டு. மர்ஃபி நுரை அடித்த அதே பர்மிங்காமில், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2004இல் ஈ.வி.ஏ. சப்பாத்துகளை ஆராய்ந்தார்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு பாதத்தின் அடியில் விழும் உச்ச அழுத்தம் சராசரியாக இரு மடங்காகியிருந்தது. 750 கிலோமீட்டர் ஓடிய நுரையை மின்னணு நுண்ணோக்கியில் வைத்தபோது அறைச் சுவர்கள் சுருங்கி மடிந்திருந்தன. சிலவற்றில் ஓட்டையே விழுந்திருந்தது. காற்றைப் பிடித்துவைத்த சுவர்கள் ஒவ்வொன்றாகத் தோற்கின்றன. 500 கிலோமீட்டர் என்றால் ஒரு காலுக்கு இரண்டரை லட்சம் அடி. மயிரிழையளவுச் சவ்வு அத்தனை தடவை மடங்கி எழுந்திருக்கிறது என்பதுதான் உண்மையில் வியப்பு. வேகம் தரும் பீபா நுரைக்கும் இதே கதிதான்: புதிதாக இருக்கும்போது ஈ.வி.ஏ.வை முந்தியது, 450 கிலோமீட்டர் ஓடிய பின் அந்தச் சாதகத்தை இழந்துவிட்டதாக ஸ்பெயின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பணக் கணக்கில் சொன்னால், 500 ரிங்கிட் சப்பாத்து 500 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு ஒரு ரிங்கிட். விலை இரு மடங்காகி ஆயுள் பாதியானால் நான்கு ரிங்கிட்.

நம் வானிலை தன் பங்குக்கு வேலை காட்டுகிறது. சூட்டில் நுரை இளகும். அடைத்த காருக்குள் வெயிலில் கிடந்த சப்பாத்து காலில் ஏறும்போதே தொளதொளத்திருக்கும். இன்னும் பெரிய ஏமாற்றம் பாலியூரித்தேன் நுரை. பல மலையேற்றச் சப்பாத்துகளில் அதுதான் நடுத்தளம். அதில் எஸ்டர் என்ற பிணைப்பு கொண்ட வகைக்கு நீராவி எதிரி. காற்றிலுள்ள ஈரம் அந்தப் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். நல்ல சப்பாத்து என்று பெட்டிக்குள் பத்திரமாக நான்கைந்து வருடம் வைத்துவிட்டு, ஒருநாள் குனோங் டத்தோ ஏறலாம் என்று மாட்டினால், பாதி வழியில் அடித்தளம் பொடிப்பொடியாக உதிரும். ஓடித் தேய்ந்ததல்ல; ஓடாமலேயே உதிர்ந்தது. இங்கே இது பலரும் கண்ட அனுபவம். ஈ.வி.ஏ. இந்த விதத்தில் சிதைவதில்லை. கறுப்பு ரப்பர் சப்பாத்தும்தான்.

மெத்தென்ற சப்பாத்து என்றால் முட்டிக்கு அடி குறையும் என்றுதானே நினைப்போம்? உடம்பு அவ்வளவு எளிதில் பிடிபடாது. தரை மெத்தென்றிருந்தால் கால் தன்னை விறைப்பாக்கிக்கொள்ளும். தரை கெட்டியாக இருந்தால் தளர்த்திக்கொள்ளும். நாம் கேட்காமலே, நமக்குத் தெரியாமலே நடக்கும் சரிக்கட்டு இது. 2018இல் பின்லாந்து ஆய்வாளர்கள் மிகத் தடித்த நுரைச் சப்பாத்தையும் வழக்கமான ஒன்றையும் ஒப்பிட்டார்கள். மணிக்கு 14.5 கிலோமீட்டர் வேகத்தில், தடித்த நுரையில் ஓடியபோதுதான் தரையில் மோதும் விசையின் முதல் உச்சம் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியிருந்தது. அப்படியானால் நுரை வீணா? அதுவும் இல்லை. லக்சம்பர்க்கில் 848 பேருக்கு வெளித்தோற்றத்தில் ஒன்றேயான சப்பாத்துகளைக் கொடுத்தார்கள். பாதிப் பேருடையதில் நுரை கெட்டி, மீதிப் பேருடையதில் மென்மை. எவருக்கு எது என்று ஓடியவருக்கும் தெரியாது. 2020இல் வந்த முடிவுப்படி கெட்டி நுரையில் ஓடியவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு. மோதும் விசை கூடினாலும் காயம் குறைகிறது! இந்த முடிச்சை அறிவியல் இன்னும் முழுதாக அவிழ்க்கவில்லை.

கனடாவில் பல்லாண்டுகள் காலடியை ஆராய்ந்த பென்னோ நிக், 2015இல் ஒரு யோசனையை முன்வைத்தார். ஒவ்வோர் உடம்புக்கும் தனக்கு இசைவான அசைவுப் பாதை ஒன்று உண்டு. அதற்கு ஒத்துப்போகும் சப்பாத்தைக் கால் 'சுகம்' என்று அறிகிறது. பெட்டியில் எழுதியிருப்பதை விட அந்த உணர்வை நம்பித் தேர்வு செய்வதே காயத்தைக் குறைக்கும் என்றார். கருதுகோள்தான். ஆனால் கடையில் நான்கு ஜோடியை மாட்டி, நான்கையும் போட்டுப் பத்தடி ஓடிப் பார்க்க அது நல்ல காரணம். மாலையில் போங்கள், பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும்.

வாங்கியது ஒரு ஜோடியோடு நிற்காமல் இரண்டாக, அதுவும் வேறு வேறு வகையாக இருந்தால் இன்னும் நல்லது. லக்சம்பர்க் குழுவே 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் பின்தொடர்ந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட சப்பாத்துகளை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவு. ஒவ்வொரு சப்பாத்தும் விசையைக் காலின் வேறு வேறு இடங்களுக்குக் கொஞ்சம் மாற்றி அனுப்புவதால் ஒரே தசைநாண் தினமும் அடிபடுவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். ஒரு ஜோடி காலில் இருக்கும்போது மற்றது நிழலில் காற்றாடக் காய்ந்துகொண்டிருக்கும். மழையில் நனைந்ததென்றால் உள்ளே நாளிதழைத் திணித்து வையுங்கள், வெயிலில் போடாதீர்கள். முதல் ஓட்டத்தின் தேதியைச் சப்பாத்தின் நாக்கில் எழுதிவையுங்கள். சில மாதங்கள் கழித்து மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்: ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, நடுத்தளத்தின் பக்கவாட்டில் படுக்கைக் கோடுகள் ஆழமாக விழுந்திருந்தாலோ, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்க மறுத்தாலோ, உள்ளே சுவர்கள் மடிந்துவிட்டன. ஓடுவதற்கு இனி அது வேண்டாம். சந்தைக்கும் தோட்டவேலைக்கும் அது இன்னும் சில ஆண்டு வரும்.